சாய்ந்து விழுந்த புல்லட்டைத் தனியாளாக நிமிர்த்த முடியுமா?

கேள்வி: என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், எடை 54 கிலோ. ஆசைப்பட்டு ராயல் என்ஃபீல்டு புல்லட், கிளாசிக் 350 வாங்கினேன். போன வாரம் அழகர்கோவில் சாலையில் ஓரம் கட்டித் திரும்பும்போது வண்டி வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. என்னால் அசைக்கவே முடியவில்லை. டீக்கடையிலிருந்து நான்கு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் வண்டி இடப்பக்கம் மறுபடியும் விழுந்தது. இந்த வண்டியை ஒரு பெண் தனியாகத் தூக்க முடியுமா, இல்லை விற்றுவிடுவதுதான் நல்லதா?

பதில்: முடியும், சகோதரி. விற்க வேண்டாம்.

அன்று வண்டி அசையாததற்குக் காரணம் உங்கள் 54 கிலோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் வண்டியைப் பார்த்தபடி நின்று, குனிந்து, இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து மேலே இழுத்திருப்பீர்கள். விழுந்த வண்டியைக் கண்டதும் எல்லோருக்கும் கை அப்படித்தான் போகும். அந்த நிலையில் வாட்டசாட்டமான ஆளும் திணறுவார். குனிந்த முதுகில் இருக்கும் தசைகள் 195 கிலோவோடு மல்லுக்கட்ட ஏற்பட்டவை அல்ல. கிளாசிக் 350இன் எடை பெட்ரோலோடு சேர்த்து 195 கிலோ. ஊரெல்லாம் ஓடும் ஸ்ப்ளெண்டர் 112 கிலோதான். ஸ்ப்ளெண்டரைக் கையால் இழுத்து நிமிர்த்திப் பழகிய நினைப்பில் புல்லட்டையும் இழுத்தால், மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்திருக்கும்போது இடுப்பு கணக்குக் கேட்கும்.

நம் பக்கத்துக் கிராமங்களில் சாவடிக்கு அருகிலும் கோயில் வாசலிலும் இளவட்டக்கல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கத் தெரிந்தவர்கள் எட்ட நின்று குனிந்து இழுப்பதே இல்லை. கல்லோடு கல்லாக உட்கார்ந்து, அதைத் தொடைக்கு ஏற்றி, உடம்போடு அணைத்துக்கொண்டு, காலை ஊன்றி எழுவார்கள். சுமை உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், எழுப்புவது கால்களாக இருக்க வேண்டும் என்ற அந்த இரண்டு விஷயங்கள்தான் புல்லட்டுக்கும். புல்லட் விஷயத்தில் உங்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. கல்லை முழுதாகத் தரையிலிருந்து பிரிக்க வேண்டும். வண்டியின் இரண்டு டயர்களும் கடைசிவரை தரையிலேயே இருக்கும். நீங்கள் அதைத் தூக்குவதில்லை, டயர்களின் மேல் புரட்டி நிறுத்துகிறீர்கள்.

அதனால் முழு 195 கிலோவும் ஒருபோதும் உங்கள் மேல் வராது. எஞ்சினுக்கு முன்னால் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் காப்புக் கம்பியான லெக் கார்டில் சாய்ந்து கிடக்கும்போது, டயர்களும் அந்தக் கம்பியும் ஒரு பங்கைத் தாங்க, கிளப்பும் அந்த முதல் நொடியில் ஏறக்குறையப் பாதி எடை உங்களிடம் வரும். வண்டி எழ எழ அது குறைந்துகொண்டே போகும். முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டால் ஒரு கையால் தள்ளிவிடலாம் போலிருக்கும். ஆபத்து ஒளிந்திருப்பது அந்தக் கடைசிப் பகுதியில்தான். ஆரம்பத்தில் கொடுத்த அதே பலத்தைக் கடைசிவரை கொடுத்தால் வண்டி நேர்க்கோட்டைத் தாண்டி மறுபக்கம் கவிழும். உங்கள் வண்டி இரண்டாவது முறை விழுந்த கதை இதுதான். நான்கு பேரின் பலம் தொடக்கத்தில் தேவைப்பட்டது, முடிவில் அதை நிறுத்த யாருமில்லை.

வண்டியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. முறையைவிட இவற்றைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். விழுந்தவுடன் எல்லோருக்கும் வருவது வெட்கம். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற அந்த அவசரத்தில்தான் முதுகு பிடித்துக்கொள்கிறது, சைலன்சரில் கெண்டைக்கால் ஒட்டிக்கொள்கிறது, பின்னால் வரும் லாரியைக் கவனிக்காமல் சாலை நடுவில் குனிகிறோம். முதலில் சாவியை அணையுங்கள். ஹேண்டில்பாரில் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கைக்கு எட்டினால் அதையும். பிறகு வண்டியை விட்டு இரண்டடி விலகி நின்று மூச்சு வாங்குங்கள். கை, கால், கழுத்து எல்லாம் அசைகின்றனவா என்று பாருங்கள். விழுந்த பதற்றத்தில் உடம்பு வலியை மறைத்துவிடும். எலும்பில் கீறல் விட்ட கணுக்காலோடும் ஆட்கள் எழுந்து நடந்துவிடுவார்கள். அந்தக் காலை ஊன்றி வண்டியைத் தள்ளினால் கீறல் முறிவாக மாறிவிடலாம். எங்காவது சந்தேகம் இருந்தால் வண்டி கிடக்கட்டும்.

பிறகு மூக்கைப் பயன்படுத்துங்கள். பெட்ரோல் வாடை வந்தால், டேங்க் மூடியிலிருந்து சொட்டுகிறதா என்று பாருங்கள். சுற்றி நிற்பவர்களில் யார் கையிலாவது பீடி, சிகரெட் இருந்தால் தூரப் போகச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். கார்புரேட்டர் உள்ள பழைய புல்லட்டாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூட வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்தபின் வாங்கிய வண்டிகளில் பெட்ரோல் இன்ஜெக்ஷன்தான், மூட ஒன்றுமில்லை. சாய்வை உணரும் கருவி ஒன்றும் இவற்றில் இருப்பதால் படுத்ததும் எஞ்சின் தானே நின்றுவிடும். அதற்காகச் சாவியை அணைக்காமல் விடாதீர்கள்.

இனி முறைக்கு வருகிறேன். உங்கள் வண்டி வலப்பக்கம் விழுந்தது அல்லவா, அதையே எடுத்துக்கொள்வோம். அது நல்ல பக்கம். சைடு ஸ்டாண்டும் கியரும் இடப்பக்கம் இருப்பதால் இரண்டும் இப்போது மேலே கைக்கு எட்டும்படி இருக்கின்றன. ஸ்டாண்டைக் கையாலேயே முழுதாக வெளியே இழுத்து வையுங்கள். இதை மறந்துவிட்டு வண்டியை நிமிர்த்தினால், 195 கிலோவை அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்து ஸ்டாண்டை எப்படித் தள்ளுவது என்று விழிக்க வேண்டியிருக்கும். அடுத்து கியர் லிவரை அழுத்தி முதல் கியரில் போடுங்கள். விழாவிட்டால் பின் டயரைக் கொஞ்சம் உருட்டிக்கொண்டே அழுத்துங்கள். கியரில் இருந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், நிமிர்த்தும்போது வண்டி முன்னும் பின்னும் நழுவாது. பெட்டி, பை ஏதாவது கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.

ஹேண்டில்பாரை வலப்பக்கம் முழுதாகத் திருப்புங்கள், அதாவது முன் சக்கரத்தின் மூக்கு தரையைப் பார்க்கும்படி. அப்போது கீழே கிடக்கும் ஆக்சிலேட்டர் கைப்பிடி டேங்கை ஒட்டி உங்கள் பக்கம் வந்துவிடும். இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். சீட்டின் விளிம்பு உங்கள் பிட்டத்தில் பதியும்படி, நாற்காலியில் உட்காருவது போல முழங்காலை மடக்கி இறங்குங்கள். விளிம்பு இடுப்பின் குழிவில் பதியக் கூடாது, அதற்குக் கீழே சதைப்பற்றுள்ள இடத்தில் பதிய வேண்டும். பாதங்கள் இரண்டும் வண்டியிலிருந்து ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்னால், தோளகலத்துக்கு விரிந்து, உள்ளங்கால் முழுதும் தரையில் படிந்திருக்கட்டும்.

இடக்கையால் ஆக்சிலேட்டர் கைப்பிடியைக் கீழிருந்து பிடியுங்கள். விரல் எட்டினால் முன் பிரேக் லிவரையும் சேர்த்து அழுத்திக்கொள்ளலாம், கூடுதல் பிடிமானம். வலக்கை பின்னால் போக வேண்டும். சீட்டுக்குக் கீழே ஓடும் சேஸிஸ் குழாய், அல்லது பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கம்பி, இரண்டில் எது உறுதியாகச் சிக்குகிறதோ அது. இண்டிகேட்டரையோ மட்கார்டு ஓரத்தையோ பிடித்தால் அவை கையோடு வரும். கிளாசிக்கில் சைலன்சர் வலப்பக்கம்தான் ஓடுகிறது, ஓடிவந்த வண்டி என்றால் அது கொதித்துக்கொண்டிருக்கும். கை வைக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வையுங்கள்.

இப்போது தலையை நிமிர்த்தி எதிரே ஒரு மரத்தையோ சுவரையோ பாருங்கள். தலை நிமிர்ந்தால் முதுகு தானே நேராகும். கைகள் மடங்கக் கூடாது, அவற்றின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும். மூச்சை இழுத்து, வெளியே விட்டுக்கொண்டே குதிகாலால் தரையைத் தள்ளுங்கள். வெடுக்கென்று எம்பாதீர்கள். பிட்டம் சீட்டை மேலும் பின்னும் தள்ளட்டும். லெக் கார்டு தரையை விட்டுக் கிளம்பியதும் நிற்காமல், அரையடி அரையடியாகப் பின்னோக்கி நடந்துகொண்டே தள்ளுங்கள். எடை குறைவதை உடம்பே சொல்லும். அப்போது வேகத்தைக் குறைத்து, மறுபக்கம் விரித்து வைத்த ஸ்டாண்ட் தரையைத் தொடும்வரை மெல்ல விடுங்கள்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பொட்டலில், கனமான வண்டி புதிதாக வாங்குபவர்களுக்கு நான் ஓட்டப் பழக்குகிறேன். அங்கே ஓர் ஆசிரியை வந்திருந்தார், உங்களைவிட ஒல்லி. எஞ்சின் ஆறிய வண்டியை வைக்கோல் பரப்பி அதன்மேல் படுக்க வைத்திருந்தோம். அவர் முதலில் எதிரே நின்று இழுத்தார். லெக் கார்டு வைக்கோலில் சரசரவென்று ஒரு விரற்கடை நகர்ந்தது, அவ்வளவுதான். முகம் சிவந்து, “நமக்கு ஆகாது சார்” என்று கையை உதறினார். திரும்பி உட்கார வைத்தோம். பாதம் வண்டிக்கு மிகவும் ஒட்டி இருந்தது, ஒரு சாண் முன்னே தள்ளச் சொன்னேன். குனிந்திருந்த தலையை நிமிர்த்தி, எதிரே நாகமலையைப் பார்க்கச் சொன்னேன். அவர் மூச்சை விட்டுக்கொண்டே தள்ள, தொடை இரண்டும் நடுங்கின. வண்டி கிளம்பியது அவருக்கே தெரியவில்லை. வைக்கோலுக்கும் கம்பிக்கும் நடுவே வெளிச்சம் விழுந்ததைப் பார்த்து நான்தான் “நடங்கள், நடங்கள்” என்றேன். செம்மண்ணில் குதிகால் தடம் பதியப் பதியப் பின்னே நடந்தார். ஸ்டாண்ட் தரையில் டக்கென்று உட்கார்ந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவே அவர் பலம் கூடவில்லை. பாதம் ஒரு சாண் நகர்ந்தது, தலை நிமிர்ந்தது.

இடப்பக்கம் விழுந்தால் கதை கொஞ்சம் மாறும். ஸ்டாண்டும் கியரும் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். வண்டி ஓடிக்கொண்டிருந்து அணைந்து விழுந்தால் பெரும்பாலும் கியரிலேயே இருக்கும். நியூட்ரலில் இருந்தால் பின் டயருக்கு முன்னும் பின்னும் கல்லை வைத்து முட்டுக் கொடுங்கள். ஹேண்டில்பாரை இப்போது இடப்பக்கம் திருப்ப வேண்டும். வலக்கை கிளட்ச் பக்கத்துக் கைப்பிடிக்கு, இடக்கை பின்னாலுள்ள கம்பிக்கு. கிளட்ச் லிவரை மட்டும் சேர்த்து அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் கியரின் பூட்டு விட்டுப்போய் வண்டி உருளும். பின் சக்கரத்தை மூடியிருக்கும் சாரி கார்டு பிடிக்க வசதியாகத் தெரியும், ஆனால் அது சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வைத்தது. சின்ன போல்ட்டுகளில் நிற்கும் அந்தக் கம்பியில் பாரம் ஏற்றினால் வளைந்து டயரில் உரசும். இந்தப் பக்கத்தில் ஒரு நன்மை, நிமிர்ந்தபின் ஸ்டாண்ட் உங்கள் காலடியிலேயே இருக்கும். இடுப்பால் வண்டியைத் தாங்கியபடி குதிகாலால் அதைத் தள்ளிவிட்டு, வண்டியை உங்கள் பக்கமே சாய்த்துக்கொள்ளலாம். உங்கள் மாமாவோ தாத்தாவோ வைத்திருந்த பழைய புல்லட் என்றால் கியர் வலப்பக்கமும் பிரேக் இடப்பக்கமும் இருக்கும், அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

உதவிக்கு வருபவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மதுரையில் வண்டி விழுந்து அரை நிமிடம் தனியாகக் கிடக்க யாரும் விடமாட்டார்கள். டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவருவார்கள். அந்த மனசுக்குக் கோடி கும்பிடு. ஆனால் ஒருவர் கண்ணாடியைப் பிடிப்பார், ஒருவர் கிளட்ச் லிவரைப் பிடிப்பார், ஒருவர் பின் மட்கார்டைப் பிடிப்பார், எல்லோரும் ஒரே பக்கம் நின்று ஒரே நேரத்தில் தூக்குவார்கள். கண்ணாடி ஒடிவதும் வண்டி மறுபக்கம் விழுவதும் அதனால்தான். உங்கள் வண்டி, நீங்கள்தான் சொல்ல வேண்டும். “அண்ணே, ஒரு நிமிடம் பொறுங்கள், ஸ்டாண்டைப் போட்டுவிடுகிறேன்” என்று குரலை உயர்த்தியே சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேர் போதும். ஒருவர் உங்களோடு தாழ்ந்த பக்கத்தில், பின்னாலுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு. இன்னொருவர் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். அவர் தூக்கவே கூடாது, நிமிர்ந்து வரும் வண்டி தன் பக்கம் கவிழாமல் உள்ளங்கையால் தாங்குவதுதான் அவர் வேலை. மற்றவர்களை வரும் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணிக்கையை நீங்களே சொல்லி, எல்லோரையும் ஒன்றாகத் தூக்க வையுங்கள்.

எல்லா இடமும் சமதளமாக இருக்காது. சிறுமலைக்கு ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் வண்டி சாய்ந்தால், சக்கரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சக்கரங்கள் மேட்டிலும் சீட் பள்ளத்திலுமாகக் கிடந்தால் அப்படியே தூக்க முயல வேண்டாம். முழுப் பாரமும் உங்கள் மேல் சரியும். முன் சக்கரத்தையோ பின்பக்கத்தையோ பிடித்து இழுத்து, லெக் கார்டின் மேலேயே வண்டியைச் சுழற்றி, சக்கரங்கள் பள்ளத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். பெயின்ட் உராயும், உராயட்டும். பிறகு மேட்டுப் பக்கம் நின்று தள்ளினால் நிமிர்த்த வேண்டிய தூரமே குறைவு. கடைசியில் பள்ளத்துப் பக்கம் கவிழத் துடிக்கும், அங்கே கைப்பிடி தளரக் கூடாது.

மணலிலும் சரளையிலும் உங்கள் பாதம்தான் முதலில் வழுக்கும். தள்ளுவதற்கு முன் குதிகாலால் இரண்டு சின்னக் குழி பறித்துக்கொண்டு அதில் ஊன்றுங்கள். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் மழை பெய்த மறுநாள் விழுந்தால் தனியாக முயலவே வேண்டாம். டயர், செருப்பு, ஸ்டாண்ட் எல்லாவற்றையும் அந்த மண் பிடித்து இழுக்கும். நிமிர்த்தினாலும் ஸ்டாண்ட் புதைந்து திரும்பச் சாயும். அங்கே ஆள் வரும்வரை காத்திருப்பதுதான் சரி. தார்ச் சாலைக்கும் இதே கவனம் வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் இளகிய தாரில் ஸ்டாண்டின் முனை மெல்ல இறங்கும், நாம் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் வண்டி படுத்திருக்கும். உள்ளங்கையளவு தட்டையான பலகைத் துண்டு ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டால் கரிசலுக்கும் ஆகும், மே மாதத்துக்கும் ஆகும்.

வண்டி விழ ஆரம்பிக்கும்போது என்ன செய்வது என்பதும் நிமிர்த்துவதற்குச் சமமான பாடம். கொஞ்சம் சாய்ந்தால் காலை ஊன்றித் தாங்கிவிடலாம். ஓர் எல்லையைத் தாண்டியபின் 195 கிலோவை எந்தக் காலாலும் தாங்க முடியாது. அந்த எல்லை வந்துவிட்டது என்று தொடையில் தெரிந்த அடுத்த கணம் விட்டுவிடுங்கள். கைப்பிடியை விட்டு, காலை வண்டிக்கு வெளியே எடுத்து, விலகி நடங்கள். லெக் கார்டு வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம், லிவர் ஒடிந்தால் மாற்றிக்கொள்ளலாம். வண்டியைக் காப்பாற்றக் காலைக் கொடுத்தவர்களின் கணுக்காலும் முழங்காலும் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகிறது, சிலருக்கு வருவதே இல்லை. புது வண்டி வாங்கியவர்களுக்கு இதைச் சொன்னால் ஏற்றுக்கொள்வது கடினம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

அழகுக்காக லெக் கார்டைக் கழற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். நின்ற இடத்தில் சாயும்போது வண்டிக்கும் தரைக்கும் நடுவே கால் நசுங்காமல் இடைவெளி விடுவது அந்தக் கம்பிதான். கிடக்கும் வண்டியைத் தாழப் படுக்கவிடாமல் உங்கள் வேலையைச் சுலபமாக்குவதும் அதுதான். கழற்றாதீர்கள். கால் அடியில் மாட்டிக்கொண்டால் இழுக்காமல் சாவியை அணைத்துவிட்டு, அடுத்தவர் வண்டியைச் சற்று உயர்த்தும்வரை பொறுங்கள். சைலன்சர் சுட்டிருந்தால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடமாவது அந்த இடத்தில் ஓடவிடுங்கள். டூத் பேஸ்ட், இங்க், மாவு எதையும் தடவ வேண்டாம்.

நிமிர்த்திய கையோடு ஏறி ஓட்டிவிடாதீர்கள். பெட்ரோலும் ஆயிலும் தன் இடத்துக்குத் திரும்ப ஐந்து நிமிடம் கொடுங்கள். ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் சட்டென்று பழைய இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். மண் புகுந்து அது ஒட்டிக்கொண்டால் அடுத்த விபத்து அங்கேயே காத்திருக்கிறது. முன் பிரேக்கை இரண்டு தடவை அழுத்தி இறுக்கம் பாருங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள், எங்கும் இடிக்கக் கூடாது. வளைந்த லிவரை அங்கேயே நிமிர்த்த முயன்றால் அலுமினியம் படக்கென்று ஒடிந்துவிடும். விரலுக்கு எட்டுகிற அளவில் வளைந்திருந்தால் அப்படியே ஓட்டிப் போய் மெக்கானிக்கிடம் மாற்றுவது நல்லது. பலரும் பதறுவது ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் பார்த்துத்தான். சாய்வுக் கருவி நிறுத்திய எஞ்சின், சாவியை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் கிளம்பும். ஸ்டாண்டைப் போட்டுக் கியரில் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்டாண்ட் கீழே இருக்கும்போது நியூட்ரலுக்கு வராமல் புது கிளாசிக் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரலாம், அடங்கிவிடும். அடங்காமல் வந்துகொண்டே இருந்தாலோ அடியில் ஆயில் சொட்டினாலோ ஓட்ட வேண்டாம்.

கர்ப்பிணிகள், பிரசவமோ வயிற்று அறுவை சிகிச்சையோ முடிந்து உடம்பு தேறாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், முதுகுத்தண்டில் டிஸ்க் தொல்லை உள்ளவர்கள் எந்த முறையிலும் தூக்கக் கூடாது. முயன்று பாதியில் முடியாமல் போனால், வந்த வழியே காலால் தாங்கித் திரும்பக் கீழே இறக்கிவிடலாம். அதில் ஒரு குறைவும் இல்லை.

இனி, அன்று வண்டி ஏன் விழுந்தது என்பதற்கு வருகிறேன். நீங்கள் எழுதியதிலிருந்து இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது நடைவேகத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் கனமான வண்டி அழுத்திய கணமே அந்தப் பக்கம் சாயும். வேகம் நடையளவுக்கு வந்தபின் பின் பிரேக் மட்டும், நிற்பதற்கு முன் ஹேண்டில்பார் நேராக, இந்தப் பழக்கம் வந்துவிட்டால் நின்றபடி விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டாவது, சாலை ஓரம். தார் விளிம்புக்கும் மண் ஓரத்துக்கும் நடுவே நான்கைந்து விரற்கடை பள்ளம் இருக்கும். கிளாசிக்கின் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். உங்கள் உயரத்துக்கு நுனிக்கால்தான் ஊன்றும். அந்த நுனிக்கால் போய்ச் சேர்ந்த இடத்தில் தரை இல்லை. எங்கே நிறுத்தப் போகிறோம் என்று பார்ப்பதோடு, கால் எங்கே இறங்கப் போகிறது என்று பார்த்து நிறுத்துங்கள். இரண்டு காலையும் ஊன்றப் பார்ப்பதைவிட, இடப்பக்கம் சற்று நகர்ந்து உட்கார்ந்து இடக்காலை முழுதாக ஊன்றி, வலக்காலைப் பின் பிரேக்கில் வைத்திருப்பது உறுதியானது. செருப்போடு ஓட்டினால் அதை நிறுத்திவிட்டு, அடிப்பக்கம் ரப்பர் பிடிப்புள்ள, கணுக்காலை மூடும் ஷூ வாங்குங்கள். துப்பட்டாவைப் பின்னால் இறுக்கி முடிந்துகொள்ளுங்கள்.

பழகிப் பார்க்கத் தோன்றினால் உங்கள் ஊர்ப் பொட்டலோ அறுவடை முடிந்த வயலோ போதும். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், பெட்ரோல் கால் டேங்க்குக்கு மேல் வேண்டாம். 13 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் பெட்ரோல் மட்டும் கிட்டத்தட்ட 10 கிலோ. வைக்கோலோ பழைய மெத்தையோ பரப்பி, இரண்டு பேர் பிடித்து மெல்லப் படுக்க வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒருவர் நிற்காமல் முதல் தடவை முயல வேண்டாம். முதலில் வலப்பக்கம், அது பிடிபட்டபின் இடப்பக்கம். ஒரே நாளில் திரும்பத் திரும்பச் செய்து தொடையைக் கிழித்துக்கொள்ளாமல், ஒரு வாரம் விட்டு மறுபடி செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நிற்கும்போது நம்பிக்கை வரவில்லை என்றால், விற்பதற்கு முன் சீட்டைக் கவனியுங்கள். நல்ல சீட் வேலைக்காரர் பஞ்சை ஒன்றிரண்டு விரற்கடை செதுக்கி ஓரங்களைக் குறுக்கிக் கொடுத்தாலே நுனிக்கால் முன்பாதமாக மாறும். அதற்கும் ஆகாவிட்டால் அதே கம்பெனியின், அதே 349 சிசி எஞ்சின் உள்ள மீட்டியர் 350 வண்டியின் சீட் 765 மில்லிமீட்டர்தான், எடையும் 191 கிலோ. ஷோரூமில் அதில் ஷூவோடு உட்கார்ந்து, ஸ்டாண்டை எடுத்து, இரண்டு பக்கமும் மெல்லச் சாய்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை கிளாசிக் உங்களிடமே இருக்கட்டும்.